உப்புக் காற்றில் கிளைடர் கூண்டு

சுகர் கிளைடர் வளர்ப்பு பற்றி நம் கைக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனி பெய்யும் ஊரில் இருந்து எழுதுபவர் முதல் வேலையாகக் கூண்டுக்கு மேலே சூடேற்றும் விளக்கை மாட்டச் சொல்வார். அடியில் சூட்டுக்கல் வைக்கச் சொல்வார். காற்றுப் படாமல் மூன்று பக்கமும் மூடச் சொல்வார். அவர் ஊருக்கு அது சரி. காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிச் சாலையில் இருக்கும் வரிச்சிக்குடியில் அதையே செய்தால் வாங்கிய ஜோடி சித்திரையைத் தாண்டாது. இந்தக் கரையில் கூண்டையும் அதற்குள் இருப்பதையும் கெடுப்பவை நான்கு: உப்பு, வெக்கை, எறும்பு, ஐப்பசி கார்த்திகையில் போகிற கரண்ட். இந்த அத்தியாயத்தில் சொல்லியிருப்பதெல்லாம் அந்த நான்கையும் மனதில் வைத்துத்தான். நாகூரில் இருந்து பூம்புகார் வரை கடலோரத்தில் வீடு உள்ள எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ஆஸ்திரேலியாவும் நியூகினியும் கிளைடரின் தாயகம். கங்காருவைப் போலப் பையில் குட்டி சுமக்கும் இனம் இது. அணிலுக்கும் இதற்கும் உறவு இல்லை. உடல் ஒரு சாணுக்குள் அடங்கும். வாலும் ஏறக்குறைய அதே நீளம். எடை 80 முதல் 160 கிராம். முன்கால் விரலில் இருந்து பின்கால் வரை தோல் விரிந்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரை மிதந்து போகும். பகல் முழுக்கத் தூக்கம், இரவெல்லாம் ஆட்டம். அமெரிக்க வீடுகளில் வளர்பவற்றின் மரபணுவை ஆராய்ந்து 2019ல் வெளியான ஆய்வு, அவற்றின் பூர்வீகம் இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாவில் உள்ள சொரோங் பக்கம் என்று காட்டியது. சொரோங், நிலநடுக்கோட்டில் இருந்து ஒரு பாகைக்குள் இருக்கும் துறைமுக ஊர். வருடம் முழுக்கப் புழுக்கம், மழை. ஆகவே நம் ஊர் ஈரப்பதம் இதற்குப் புதிது இல்லை. கத்திரி வெயில்தான் புதிது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வன உயிரின வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. சுகர் கிளைடர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியல்கள் மாறும். வாங்கும் மாதத்தில் ஒருமுறை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வரிச்சிக்குடிக்காரர் கேட்க வேண்டியது புதுச்சேரி வனத்துறையை. நண்டலாற்றைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு. பட்டியலில் இல்லை என்பதற்காகக் கடத்தல் சரக்கு நியாயமாகிவிடாது. பாங்காக்கில் இருந்து வரும் பெட்டிகளில் உயிருள்ள விலங்குகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். உள்நாட்டில் பிறந்த குட்டிதான் என்று பில்லில் எழுதித் தராத ஆளிடம் வாங்காதீர்கள். இன்னொன்று: ஆனைமலை, களக்காடு காடுகளில் இருக்கும் பறக்கும் அணில் வேறு விலங்கு. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் எந்த இடம்

ஓட்டு வீடு என்றால் கூடம் நல்ல இடம். கூரை உயரமாக இருக்கும், ஓட்டு இடுக்கில் சூடு வெளியேறும். மாடி வீடு என்றால் கீழ்த்தளம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டவே வேண்டாம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தக் கான்கிரீட் இரவு பதினொரு மணி வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட தாழ்வாரம், கொல்லைப்புறக் குளியலறை ஓரம் ஆகியவற்றையும் தள்ளிவிடுங்கள். திண்ணையில் வைத்தால் பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, பூனைக்கும் வேடிக்கை.

கிழக்கு ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். மண்டபத்தூர், காளிக்குப்பம் பக்கம் இருந்து பிற்பகலில் வருகிற கடற்காற்று உடம்புக்கு இதம், கம்பிக்கு விஷம். ஈரமும் உப்பும் சேர்ந்து எதன் மேல் படிகிறது என்று தெரிய வேண்டுமானால், கிழக்கு ஜன்னல் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேல்பக்கம் பெயின்ட் நன்றாக இருக்கும். அடியில் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கி, நகம் பட்டாலே செதிலாக உதிரும். மழை மேல்பக்கத்து உப்பைக் கழுவிவிடுகிறது, அடிப்பக்கத்துக்கு மழை எட்டுவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் கூண்டுக்கு எந்தப் பக்கத்துக்கும் மழை எட்டாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறையும் வேண்டாம். நள்ளிரவு இரண்டு மணிக்கு நாய்க்குட்டி குரைப்பது போல ஒரு சத்தம் விட்டு விட்டு வரும். அது ஒரு கிளைடர் இன்னொன்றைக் கூப்பிடுவது. முதல் வாரம் ரசிப்பீர்கள். கொசுவர்த்தி ஏற்றும் அறை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் அறை, அடுப்படி ஆகியவையும் கழிந்தால், பெரும்பாலான வீடுகளில் மிஞ்சுவது கூடத்தின் மேற்கு அல்லது தெற்குச் சுவர் ஓரம்தான். சுவரில் இருந்து ஓர் அடி தள்ளி நிறுத்துங்கள். பழத்தைச் சப்பிச் சாறு உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புவது இவற்றின் வழக்கம். அது சுவரில் போய் ஒட்டிக் காய்ந்தால் சுண்ணாம்போடுதான் பெயர்ந்து வரும்.

எவ்வளவு பெரிது

கிளைடரைத் தனியாக வளர்க்கக் கூடாது. காட்டில் கூட்டமாக ஒரே பொந்தில் தூங்கும் விலங்கு அது. தனியே விட்டால் தன் வாலையும் மயிரையும் தானே கடித்துக்கொள்ளும். குறைந்தது இரண்டு. இரண்டுக்கு அயல்நாட்டு நூல்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 2 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி உயரம். அது உயிரோடு வைத்திருக்கப் போதும், தாவ விடப் போதாது. என் சிபாரிசு: 3 அடிக்கு 3 அடி, உயரம் 5 அடி, கீழே ஓர் அடி ஸ்டாண்டு. இதில் உயரம்தான் முக்கியம். நீளத்தைக் கூட்டி உயரத்தைக் குறைத்தால் தரையில் ஓடும் முயலுக்குக் கட்டிய கூண்டாகிவிடும்.

இந்த அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெல்டு மெஷ் 3 அடி அகல ரோலாகக் கிடைக்கும். நான்கு பக்கத்துக்கும் 5 அடி வீதம் 20 அடி, மேலுக்கும் அடிக்கும் 3 அடி வீதம் 6 அடி, ஆக 26 அடி. குறுக்கே ஒரு வெட்டு கூட வீணாகாது. கதவுக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 30 அடி வாங்கினால் போதும். ஆனால் கூண்டை ஒரே உருவாக வெல்டு வைத்துவிட்டால் 3 அடி நிலைக்கதவு வழியே அது உள்ளே வராது. பட்டறையில் கட்டி முடித்து, குட்டி யானையில் ஏற்றி வந்து, வாசலில் நின்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. ஆறு பலகமாகச் செய்து, வீட்டுக்குள் போல்ட் போட்டுப் பூட்டும்படி கேளுங்கள். பின்னால் கழற்றிக் கழுவவும் அதுதான் வசதி.

மெஷ் கண் 1 அங்குலத்துக்கு அரை அங்குலம். அதைவிடப் பெரிய கண்ணில், பையை விட்டு வெளியே வந்த புதுக்குட்டி தலையை நுழைத்துவிடும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். கண் சிறிதாக இருப்பதில் நமக்கு இன்னொரு லாபம்: எலியும் பெரிய பாம்பும் உள்ளே வராது.

எந்தக் கம்பி

இங்கேதான் காசும் கவனமும் போக வேண்டும். பட்டறைக்குப் போய் அளவைச் சொன்னதும் "கோழிக்கூண்டா தம்பி, லவ் பேர்ட்ஸ் கூண்டா?" என்று கேட்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் கிடைப்பது ஒன்றுதான்: இரும்பு ஸ்கொயர் பைப் சட்டம், ஜி.ஐ. மெஷ், மேலே ரெட் ஆக்சைடு ஒரு கோட், சில்வர் பெயின்ட் ஒரு கோட். கோழிக்கு அது ஓடும். கிளைடருக்கு ஓடாததற்குக் காரணங்கள் உண்டு.

ஜி.ஐ. மெஷ் என்பது இரும்புக் கம்பியின் மேல் துத்தநாகப் பூச்சு. கிளைடர் தரையில் ஒண்ணுக்குப் போகாது, கம்பியில் தொங்கியபடி போகும். சிறுநீரும் கடல் உப்பும் சேர்ந்து துத்தநாகத்தை அரித்து, கம்பியில் மாவு போல வெள்ளையாகப் பூக்கும். அந்த மாவை விலங்கு நக்கும். புதுக் கம்பிக் கூண்டில் அடைத்த கிளிகளுக்குத் துத்தநாக நஞ்சு ஏறுவது பறவை வைத்தியர்களுக்குப் பழைய சங்கதி. நூறு கிராம் எடையுள்ள ஒரு பிராணிக்கு அந்த நஞ்சு எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூ உதிர்ந்ததும் அடியில் இரும்பு துருப்பிடிக்கும். பெயின்டிலும் சிக்கல் உண்டு. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2017 நவம்பர் முதல் விதி இருக்கிறது. பட்டறையில் இரும்புக்கு அடிக்கிற தொழிற்சாலைப் பெயின்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை.

அப்படியானால் எஸ்.எஸ். போட்டுவிடலாமா? போடலாம், எந்த எஸ்.எஸ். என்று கேட்டுவிட்டு. 202, 304, 316 என்று மூன்று தரம் சந்தையில் உண்டு. கடற்கரைக்கு உகந்தது 316. மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக்கு அசையாது. விலை அதிகம், சிறிய கண் மெஷ்ஷாக நம் பக்கத்தில் கிடைப்பதும் அரிது. 304ல் தேநீர் கறை போலப் பழுப்புப் புள்ளி வரும், துடைத்தால் போய்விடும். 202 நம் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் ஒரிஜினல் என்று கடைக்காரர் காட்டுவதை நம்பாதீர்கள். மூன்றிலும் காந்தம் ஒட்டாது. நல்ல எஸ்.எஸ். கடைகளில் ஒரு சொட்டு மருந்து விட்டுத் தரம் பார்ப்பார்கள், அதைச் செய்யச் சொல்லி வாங்குங்கள்.

நடுத்தரக் குடும்பத்துக்கு நான் சொல்வது: அலுமினியச் சட்டம், பி.வி.சி. பூச்சுள்ள மெஷ். அலுமினிய ஜன்னல் போடுகிற ஆட்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்; கூண்டுச் சட்டம் அவர்களுக்கு அரைநாள் வேலை. அலுமினியம் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும், எடை குறைவு, கழற்றி மாட்டலாம். அதோடு வெறும் எஸ்.எஸ். மெஷ்ஷைச் சேர்க்காதீர்கள். இரண்டு உலோகம் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். பி.வி.சி. பூச்சு இரண்டுக்கும் இடையில் தடுப்பாக நிற்கிறது. திருகாணி எஸ்.எஸ். ஆகத்தான் இருக்கும், அதற்கு அடியில் நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள்.

பி.வி.சி. மெஷ்ஷுக்கு ஒரே பலவீனம், வெட்டிய முனை. கட்டிங் பிளேயர் பட்ட இடத்தில் உள்ளே இருக்கும் இரும்பு திறந்து கிடக்கும், கூர்மையாகவும் இருக்கும். துரு அங்கிருந்துதான் கிளம்பிப் பூச்சுக்குள் புழு மாதிரி ஊர்ந்து போகும். வெளியே பச்சையாகப் பளபளக்கும் கம்பி உள்ளே பொடியாகியிருக்கும். ஆகவே முனை ஒவ்வொன்றும் சட்டத்தின் யு சேனலுக்குள் முழுதாக மறைய வேண்டும், சேனல் வாயில் சிலிகான் ஓட விட வேண்டும். வேலை முடிந்ததும் கூண்டின் உள்பக்கம் நெடுக ஒரு பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவுங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. கிளைடர் பாயும்போது முதலில் கிழிவது அந்த மெல்லிய பறக்கும் தோல்தான்.

கதவு, தாழ்ப்பாள், ட்ரே

3 அடி ஆழக் கூண்டின் பின்மூலைக்குக் கை எட்டாது. அதனால் முன்பக்கக் கதவு பெரிதாக, 2 அடி அகலம் 3 அடி உயரத்துக்கு இருக்கட்டும். தலையும் தோளும் உள்ளே போக வேண்டும். அதைத் தவிர, மேல்பக்கம் ஒரு சாண் அளவில் உணவுக்கு ஒரு சின்னக் கதவு. கிளிக்கூண்டில் வருவது போல மேலே தூக்கும் கதவு எங்கேயும் கூடாது. கிளைடர் முன்காலால் அதைத் தூக்கும், இன்னொன்று அதற்குள் வெளியே போயிருக்கும். கீல் வைத்த கதவு, தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு ஸ்பிரிங் கொக்கி.

வெளியே வந்துவிட்டால் ஆபத்து சீலிங் ஃபேன். ஃபேன் இறக்கை நுனி இவற்றுக்குத் தாவி உட்கார நல்ல கிளை. உணவுக் கதவைத் திறக்குமுன் ஃபேனை நிறுத்துவது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும்.

அடி மெஷ்ஷுக்குக் கீழே 2 அங்குல ஆழ ட்ரே, வெளியே இழுக்கும்படி. ஜி.ஐ. தகட்டில் செய்தால் ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிகம். மல்டிவுட் பலகையில் செய்யலாம், அல்லது அலுமினியத் தகடு. பழைய நாளிதழ் விரித்துத் தினமும் மாற்றினால் போதும். மரத்தூள், தேவதாருச் சீவல் எதுவும் வேண்டாம், அவற்றின் வாசனையே நுரையீரலுக்குக் கெடுதல். கடைசியாக, கூண்டின் மேல் சட்டத்தைச் சுவரோடு ஓர் எல் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிடுங்கள். ஆறடி உயரம், எடையோ குறைவு, வீட்டில் குழந்தை இருந்தால் ஏறிப் பார்க்கும்.

உள்ளே என்ன

தூங்குவதற்குத் துணிப்பை. நம் வீடுகளில் உடனே பாட்டியின் பழைய நூல் சேலையைக் கிழித்துத் தூளி கட்டத் தோன்றும். வேண்டாம். பழைய நூல் துணியில் இழை பிரியும். கிளைடரின் கால்விரலில் ஓர் இழை சுற்றினால் அது இழுக்க இழுக்க இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும். வளையம் வளையமாக இருக்கும் டர்க்கி டவல், கொசுவலை, மீன்வலைத் துண்டு ஆகியவையும் இதே காரணத்துக்காகக் கூடாது. ஃப்ளீஸ் என்கிற கம்பளி போன்ற துணி பிரியாது. தையல் உள்பக்கம் போகாதபடி, இரண்டு மடிப்புக்கு நடுவில் மறையும்படி தைக்கச் சொல்லுங்கள். நம் சீதோஷ்ணத்துக்கு ஒற்றைப் படலம் போதும். மழைக்காலத்தில் துவைத்தது மூன்று நாளானாலும் காயாது என்பதால் மாற்றுக்கு நாலைந்து பை இருக்கட்டும்.

கிளைக்குக் கொய்யா. வழவழப்பு, வலு இரண்டும் உண்டு, கொல்லையிலேயே கிடைக்கும். கட்டை விரல் பருமனில் சிலது, மணிக்கட்டுப் பருமனில் சிலது. மருந்தடிக்காத மரமாகப் பார்த்து வெட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்துப் பிறகு மாட்டுங்கள். மூங்கிலும் நல்லது. அரளி, எருக்கு, ஊமத்தை ஆகியவற்றின் சுள்ளி கூட உள்ளே போகக் கூடாது. அரளி மனிதனையே கொல்லும். கிளைகளைக் கிடைமட்டமாக வரிசை கட்டாமல் சாய்த்தும் குறுக்கும் வையுங்கள், ஆனால் கூண்டின் ஒரு பாதியை மேலிருந்து கீழ்வரை காலியாக விட வேண்டும். தாவ இடம் இல்லாத அளவுக்குச் சாமான் அடைத்த பெரிய கூண்டும் சின்னக் கூண்டுதான். 4 அங்குல பிளம்பிங் பைப் துண்டு, கண் துளைத்து இழைத்த கொட்டாங்கச்சி எல்லாம் நல்ல விளையாட்டுச் சாமான். கயிறு மட்டும் யோசித்து. தேங்காய் நார்க் கயிறும் நைலான் கயிறும் பிரிந்து விரலில் சுற்றும்.

ஓடுசக்கரம் வைப்பதானால் குறைந்தது 11 அங்குல விட்டம், ஓடும் தளம் இடைவெளியில்லாமல் மூடியது, நடுவில் அச்சுக் கம்பி இல்லாதது. கடைகளில் வெள்ளெலிக்கு விற்கும் கம்பிச் சக்கரம் வால் சிக்கி முறிவதற்கென்றே செய்தது போல இருக்கும்.

எறும்பு

தேன் கலந்த நீர், பழம், புழு: கிளைடரின் சாப்பாடு எல்லாமே எறும்புக்கும் சாப்பாடு. மாலை ஏழு மணிக்கு வைத்தால் எட்டு மணிக்குச் சாரை கிளம்பும். சிற்றெறும்பு தொந்தரவோடு நிற்கும். முசுடு என்றால் பையில் இருக்கும் குட்டியைக் கடித்துக் குதறிவிடும். எறும்புப் பொடி, சாக்பீஸ், ஸ்பிரே எதுவும் கூண்டு இருக்கும் அறையில் கூடாது. பழைய முறைதான் கை கொடுக்கும்: சாப்பாட்டு அலமாரிக்கு வைப்பது போல ஸ்டாண்டின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சோப்பு நீர் இரண்டு சொட்டு விட்டால் எறும்பு மிதந்து கடக்காது, கொசுப் புழுவும் பிடிக்காது. சுவரில் போட்ட எல் கிளாம்ப் ஒரு பாலம் என்பதை மறந்துவிட வேண்டாம்; அதன் மேல் விரலகலத்துக்கு வாஸ்லின் தடவி வாரம் ஒருமுறை புதுப்பியுங்கள். ஜன்னல் திரை கூண்டில் உரசினாலும் பாலம்தான்.

சாப்பாட்டுக் கிண்ணத்தைத் திறந்து வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, பக்கவாட்டில் 3 அங்குலத்துக்கு வட்டமாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, அதற்குள் கிண்ணத்தை வையுங்கள். உள்ளே போய் உட்கார்ந்து தின்னும், சக்கை டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். நம் வெக்கையில் தேன்நீர் நாலைந்து மணி நேரத்தில் புளித்துவிடும். கொஞ்சமாக வைத்து, படுக்கப் போகுமுன் ஒருமுறை மாற்றி, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

கத்திரி வெயிலும் அடைமழையும்

கிளைடருக்குச் சௌகரியமான வெப்பம் 27 முதல் 31 டிகிரி. மார்கழி இரவில் கூட நம் கரையில் வீட்டுக்குள் 22க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஒரு பைக்குள் இரண்டு சேர்ந்து தூங்கினால் அந்தக் குளிர் தெரியாது. விளக்கும் சூட்டுக்கல்லும் இந்த ஊருக்குத் தேவையே இல்லை. சித்திரை வைகாசியில் வெளியே 38, 39 போகும்போதுதான் வேலை.

சூடான காற்று மேலே போய்த் தங்கும். தூங்கும் பையை மேல் மூலையில் மாட்டச் சொல்வார்கள். கோடையில் அதை ஒன்றரை அடி இறக்கி மாட்டுங்கள். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, ஃப்ளீஸ் துணியில் சுற்றி, கூண்டின் வெளிப்பக்கம் பைக்கு எதிரே கட்டலாம். ஈரத்துணி போடுவது காற்றைப் பொறுத்தது. காலையில் கச்சான் அடிக்கும்போது, அதாவது வறண்ட மேல்காற்றில், கூண்டின் ஒரு பக்கம் ஈரத்துணி தொங்கவிட்டால் குளிர்ச்சி நன்றாகத் தெரியும். பிற்பகல் கடற்காற்று திரும்பி ஈரம் ஏறிவிட்டால் அதே துணி புழுக்கத்தைக் கூட்டும், எடுத்துவிடுங்கள். பையை விட்டு வெளியே வந்து மெஷ்மேல் தட்டையாகப் படுத்து, முன்கையை நக்கி நனைத்துக்கொண்டே இருந்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்ற வேண்டும். ஏ.சி. இருந்தால் 26, 27ல் வையுங்கள். 20க்கு இறக்கி நேராகக் காற்றுப் பட வைத்தால் விறைத்து மயக்கநிலைக்குப் போகக்கூடும்.

மழைக்காலத்துக்கு வேறு பாடு. கிளைகளில் பூஞ்சணம் பிடிக்கும், அடிக்கடி எடுத்து மாற்றுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய பிறகு இந்தப் பக்கத்தில் கரண்ட் எத்தனை நாள் இல்லாமல் கிடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஃப்ரிட்ஜில் உறைய வைத்த தேன்கலவையை நம்பி இருப்பவர்கள் அப்போது என்ன செய்வார்கள்? தேன், அவித்த முட்டை, பப்பாளி, உயிரோடு வளர்க்கும் புழு டப்பா ஒன்று: இவை இருந்தால் கரண்ட் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் கூண்டைச் சுவரில் இருந்து கழற்றி வீட்டின் நடு அறைக்குக் கொண்டுபோங்கள். கையில் தூக்கிப் போகும்படி ஒரு சின்னக் கூண்டும் தயாராக இருக்கட்டும். பாதுகாப்பு மையத்துக்குப் போக நேர்ந்தால் ஐந்தடிக் கூண்டு கூட வராது.

கழுவுதல்

கூண்டுக்கு மழை எட்டாது என்று சொன்னேன். அதனால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கம்பி முழுவதையும் துடைப்பது வெறும் சுத்தத்துக்காக அல்ல, உப்பை எடுப்பதற்காக. போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் அதையே பயன்படுத்தினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுகிறோம். குடிநீர்க் குழாய்த் தண்ணீர் இரண்டு குடம் ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை பலகங்களைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்துவிடாதீர்கள். ஆண் கிளைடர் நெற்றியிலும் மார்பிலும் உள்ள சுரப்பியால் தன் வாடையைத் தேய்த்து வைத்திருக்கும். அது மொத்தமும் போய்விட்டால் பதற்றத்தில் இன்னும் அதிகமாகத் தேய்க்கும், வீடு நாறும். ஒரு பையையாவது பழைய வாடையோடு விட்டு வையுங்கள்.

வைத்தியர் யார் என்பதைக் கூண்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடுமாடு பார்க்கும் மருத்துவமனைகளில் இந்தப் பிராணியைப் பார்த்தே இராதவர்கள் இருப்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி, அதற்கும் மேல் சென்னை வேப்பேரி: இந்த மூன்றில் எங்கே அயல்நாட்டுச் சிறு விலங்குகளைப் பார்க்கிறார்கள், எந்தக் கிழமை என்று போனில் கேட்டு எழுதி வையுங்கள்.

கூண்டு வந்து இறங்கிய அன்றே விலங்கைக் கொண்டுவராதீர்கள். சிலிகான் வாடையும் பிளாஸ்டிக் வாடையும் போக ஒரு வாரம் காலியாக நிற்கட்டும். அந்த வாரத்தில் உச்சிவெயில் நேரத்தில் பை தொங்கும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டர் கட்டிப் பாருங்கள். இரவில் ஒரு கிண்ணம் சர்க்கரைத் தண்ணீர் வைத்து எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். தெர்மாமீட்டர் 32ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள், எறும்பு ஏறினால் பாலத்தைத் தேடுங்கள். இரண்டும் சரியான பிறகுதான் ஜோடிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.